கரப்பானிடம் கெஞ்சிய சமையல் புத்தகம்

பழைய பாரசீகக் கையெழுத்துப் பிரதிகளின் முதல் தாளில் சில சமயம் ‘கபீகஜ்’ என்று ஒரு பெயர் எழுதியிருக்கும். அது நூலாசிரியர் பெயரும் இல்லை, பிரதி எடுத்தவர் பெயரும் இல்லை. கரப்பான் பூச்சிகளின் ராஜாவுக்கு அந்தப் பெயர் என்று நம்பினார்கள். ராஜாவின் பெயர் இருக்கும் தாளில் குடிமக்கள் வாய் வைக்க மாட்டார்கள் என்பது கணக்கு. நம் ஊரில் ஏட்டுச் சுவடிக்கு மஞ்சள் பூசி, கட்டுக்குள் வசம்பு வைத்ததும் இதே கவலையால்தான். எழுதியவன் போன பிறகும் எழுத்து இருக்க வேண்டும் என்ற ஆசை, பூச்சியிடமும் கைகூப்ப வைக்கும்.

மாண்டுவில் எழுதப்பட்ட ஒரு சமையல் புத்தகம் இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தொடக்கத்திலேயே கரப்பான் ராஜாவை நேராகக் கூப்பிட்டு, சாப்பாடு, தின்பண்டம், மீன், பன்னீர் என்று இதில் இருப்பதையெல்லாம் சொல்லி, இந்தக் காணிக்கையைத் தின்றுவிடாதே என்று கேட்டுக்கொள்கிறது. வேண்டுதல் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்நூறு வருஷம் தாண்டியும் புத்தகம் இருக்கிறது. உலகத்தில் அதற்கு இன்னொரு பிரதி கிடையாது. இருக்கும் ஒன்று லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஐஓ இஸ்லாமிக் 149 என்பது அதன் அடையாள எண்.

புத்தகத்தின் பெயர் ‘நிமத்நாமா-யி நாசிர்ஷாஹி’. நிமத் என்றால் இறைவன் கொடுத்த நல்லவை, அனுபவிக்கக் கிடைத்த இன்பங்கள். நாசிர் ஷாவின் இன்பப் புத்தகம் என்று சொல்லலாம். ஆனால் இதைத் தொடங்கியவர் நாசிர் ஷா இல்லை. அவருடைய அப்பா கியாத் ஷா.

மாண்டு இன்றைய மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் இருக்கிறது. விந்திய மலையின் தென் விளிம்பில், நர்மதைப் பள்ளத்தாக்கைக் குனிந்து பார்க்கும் மேட்டு நிலம். மால்வா சுல்தான்களின் தலைநகர். ‘ஷாதியாபாத்’, மகிழ்ச்சியின் ஊர், என்று அதற்கு இன்னொரு பெயரும் உண்டு. கியாத் ஷாவின் தந்தை மகமூது கில்ஜி வாழ்நாளெல்லாம் குதிரை மேலேயே இருந்தவர். 1469ல் பட்டத்துக்கு வந்த கியாத் ஷா பிரபுக்களைக் கூப்பிட்டு, அப்பாவோடு இத்தனை வருஷம் போர்க்களத்தில் கழித்தாகிவிட்டது, இனி எனக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி, ஆட்சி வேலையை மகனிடம் கொடுத்துவிட்டாராம். வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்தா எழுதிவைத்த செய்தி இது. அரண்மனைக்குள் 15,000 பெண்கள் இருந்தார்கள் என்றும், 500 துருக்கிப் பெண்களும் 500 அபிசீனியப் பெண்களும் ஆயுதம் ஏந்திக் காவல் நின்றார்கள் என்றும் அவர் எழுதுகிறார். எண்ணிக்கை கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். ஆனால் இரண்டு குளங்களுக்கு நடுவே கப்பல் மிதப்பதுபோல் நிற்கும் ஜஹாஸ் மஹல் இன்னும் நிற்கிறது. நீளம் ஏறக்குறைய 120 மீட்டர். அதன் மொட்டை மாடியில் மழைக்காலத்தில் நின்றவர்களுக்கு, இந்த மனிதர் எதற்காக அரசியலை விட்டார் என்பது ஓரளவு புரியும்.

விட்டவர் சும்மா இருக்கவில்லை. நாக்கும் மூக்கும் அறிந்ததை எல்லாம் எழுதிவைக்கச் சொன்னார்.

சமோசா செய்வது எப்படி என்று இந்தப் புத்தகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குறிப்புகள் உண்டு. கொத்திய இறைச்சி, வெங்காயம், இஞ்சி, கத்தரிக்காய், மேலே கஸ்தூரியும் பச்சைக் கற்பூரமும் பன்னீரும். சோறு, கிச்சடி, ‘பரா’ என்று எழுதப்பட்டிருக்கும் வடை, சர்பத், கபாப், ஊறுகாய், இனிப்பு எல்லாம் வருகின்றன. உடம்புக்கு மருந்து, ஆண்மைக்கு மருந்து, வேட்டைக்குப் போகும்போது என்னென்ன எடுத்துப்போவது, வாசனைத் திரவியம் வடிப்பது, இவையும் இதே புத்தகத்துக்குள். வெற்றிலைக்குத் தனியே இடம் ஒதுக்கி, பாக்கு, சுண்ணாம்பு, காசுக்கட்டி, ஏலம், கற்பூரம் என்று ஒவ்வொன்றையும் மணமேற்றிப் பக்குவம் செய்வது விரிவாகச் சொல்லப்படுகிறது. குறிப்புகள் பலவற்றில் அளவு கிடையாது. இன்னதைப் போடு, வேகவை, இறக்கு, ருசியாக இருக்கும். அவ்வளவுதான். அடுப்படியில் நின்று பழகியவர் பழகியவருக்குச் சொல்லும் பாணி அது.

மிளகாய் இல்லை. தக்காளி இல்லை. உருளைக்கிழங்கும் இல்லை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியது 1498ல். அமெரிக்கக் கண்டத்துக் காய்கள் இந்த மண்ணுக்கு வருவதற்கு முந்தைய சமையல் இது. இன்றைக்கு நாம் ‘நம்முடைய பாரம்பரியச் சமையல்’ என்று சொல்லும் பலவற்றை வைத்துப் பார்த்தால், இந்தப் புத்தகம் எவ்வளவு பின்னால் நிற்கிறது என்று தெரியும். காரத்துக்கு மிளகும் இஞ்சியும். புளிப்புக்கு எலுமிச்சை.

ஆனால் ஒரு வாசனை நமக்குச் சட்டென்று பிடிபடும். குறிப்புக்குக் குறிப்பு நெய்யைக் காய்ச்சி அதில் பெருங்காயத்தைப் போட்டு மணக்க வைத்து, பிறகுதான் மற்றதைச் சேர்க்கச் சொல்கிறார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் இதைச் சொல்ல ஒரு முழு வாக்கியம் செலவாகிறது. திரும்பத் திரும்ப அதே வாக்கியம். நமக்கு ஒரே சொல் போதும்: தாளிப்பது. கற்பூரமும் அப்படித்தான். ஆங்கில வாசகர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் பூச்சி உருண்டையை நினைத்து முகம் சுளிக்கக்கூடும். சர்க்கரைப் பொங்கலிலும் பெருமாள் கோயில் தீர்த்தத்திலும் பச்சைக் கற்பூரத்தின் மணத்தை அறிந்த நாக்குக்கு, மாண்டுவின் சமோசா அவ்வளவு அந்நியமில்லை.

புத்தகத்தை உலகப் புகழ் பெறவைத்தது சமையல் குறிப்பு மட்டுமில்லை, படங்களும்தான். மொத்தம் 50. சமோசாவைக் காட்டும் படத்தை நான் அச்சுப் பிரதியில்தான் பார்த்தேன். ஆனாலும் வெகு நேரம் கண்ணை எடுக்க முடியவில்லை. சுல்தான் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். நீண்டு மேலே வளைந்த கறுப்பு மீசை. படத்துக்குப் படம் அந்த மீசைதான் அவரை அடையாளம் காட்டிக்கொடுக்கிறது. எதிரே திறந்தவெளியில் அடுப்பு எரிகிறது, அதன் மேல் வாணலி. ஒருவர் பொரிக்கிறார், இன்னொருவர் தட்டில் எடுத்து நீட்டுகிறார். தரையெல்லாம் கொத்துக் கொத்தாகப் பசும்புல்லும் பூவும். வாளோ யானையோ தலை வெட்டோ இல்லாத அரசவைப் படம். ராஜாவின் கவனம் முழுக்க வாணலி மேல்.

சமைப்பவர்களும் பரிமாறுகிறவர்களும் பன்னீர் வடிப்பவர்களும் இந்தப் படங்களில் பெரும்பாலும் பெண்கள். ஒருத்தியின் பெயர்கூட எழுதப்படவில்லை. ஆனால் கை இருக்கிறது. கிளறும் கை, பிழியும் கை, மூடியைத் திறக்கும் கை. பதினைந்தாம் நூற்றாண்டு முடியும் நேரத்தில் இந்திய அரண்மனை ஒன்றின் சமையல்கட்டில் வேலை எப்படி நடந்தது என்பதற்கு இதற்கு ஈடான வேறு படச் சான்று எனக்குத் தெரிந்து இல்லை. எந்த சுல்தானின் படத்தையும்விட இது எனக்குப் பெரிது.

ஓவியம் தெரிந்தவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். தொடக்கத்துப் படங்கள் ஈரானின் ஷிராஸ் நகரத்துப் பாணியில், துர்க்மான் அரசர்களின் காலத்து வழக்கப்படி இருக்கின்றன. அந்தக் கொத்துப் புல் அங்கிருந்து வந்தது. முகமும் உடையும் பாரசீகத்தவை. தாள்கள் நகர நகர, பெண்கள் மால்வாவுக்கு வந்துவிடுகிறார்கள். உடை மாறுகிறது, நகை மாறுகிறது, பக்கவாட்டு முகம் வருகிறது. மாண்டுவில் அதற்கு முன்பே சமணர்களுக்காக கல்பசூத்திரப் பிரதிகள் தீட்டப்பட்டிருக்கின்றன. 1439ல் அங்கு தீட்டப்பட்ட ஒன்று புகழ்பெற்றது. அந்த மண்ணின் கை மெல்ல மெல்லப் பாரசீகத் தூரிகையை வாங்கிக்கொள்வதை இந்த ஒரே புத்தகத்துக்குள் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். எழுத்து மட்டும் முதலிலிருந்து கடைசிவரை தடித்த நஸ்க் வகை. மொழி பாரசீகம், நடு நடுவே பண்டங்களுக்கும் மசாலாவுக்கும் ஹிந்திப் பெயர்கள். சமையல்கட்டின் பேச்சை அவையின் மொழி முழுக்க விழுங்க முடியவில்லை.

1500ல் நாசிர் ஷா பட்டத்துக்கு வந்தார். புத்தகத்தின் வேலை அவர் காலத்தில் முடிந்தது. தலைப்பில் அவர் பெயர். உள்ளே குறிப்புக்குக் குறிப்பு ‘கியாத் ஷாஹி’ என்று அப்பாவின் பெயர்.

இந்த அப்பாவையும் மகனையும் பற்றி மிகக் கடுமையாக எழுதியவர் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர். 1617ல் மாண்டுவுக்கு வந்தபோது, அங்கே கேட்டதைத் தன் நினைவுக் குறிப்பில் பதிந்தார். எண்பது வயதுத் தந்தைக்கு மகன் இரண்டு முறை விஷம் கொடுத்தான், இரண்டு முறையும் கிழவர் கையில் கட்டியிருந்த விஷமுறிவுக் கல்லால் தப்பினார். மூன்றாம் முறை மகனே கிண்ணத்தை நீட்டினான். கிழவர் கல்லைக் கழற்றி வைத்துவிட்டு, கடவுளிடம் மகனுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குடித்தார். இதுதான் ஜஹாங்கீர் சொல்லும் கதை. ஷேர் ஷா மாண்டுவுக்கு வந்தபோது நாசிரின் கல்லறையைத் தடியால் அடிக்கச் சொன்னார் என்றும் அவரே எழுதுகிறார். தன் முறை வந்தபோது ஜஹாங்கீர் கல்லறையை உதைத்தார், கூட வந்தவர்களையும் உதைக்கச் சொன்னார். பிறகு எலும்புகளைத் தோண்டி எடுத்து நர்மதையில் போடச் செய்தார்.

விஷம் கொடுத்தது உண்மையா என்று இன்று யாரும் நிரூபிக்க முடியாது. ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அப்பாவைக் கொன்றவன் என்று ஊரெல்லாம் பேசிய ஒருவன், அப்பாவின் சமையல் குறிப்புகளை எதற்காக இத்தனை அக்கறையாகத் தங்கமும் நிறமும் செலவழித்து முடிக்கச் செய்தான்? அப்பாவின் பெயரை ஏன் ஒவ்வொரு குறிப்பிலும் விட்டுவைத்தான்? ஜஹாங்கீருக்குத் தெரிந்த நாசிர் வேறு, இந்தப் புத்தகம் காட்டும் நாசிர் வேறு. நர்மதையில் எறிய முடியாத சாட்சி ஒன்று மிஞ்சியிருக்கிறது.

மாண்டு வெகு காலம் தாங்கவில்லை. 1531ல் குஜராத்தின் பகதூர் ஷா, 1535ல் ஹுமாயூன், 1542ல் ஷேர் ஷா, 1560களின் தொடக்கத்தில் அக்பரின் படை என்று முப்பது வருஷத்தில் நான்கு பேர் ஏறி வந்தார்கள். மகிழ்ச்சியின் ஊரில் பிறகு காடு வளர்ந்தது.

புத்தகம் மறுபடி நம் கண்ணில் படுவது வெகு தெற்கே, காவிரி நடுவிலுள்ள தீவில். ஸ்ரீரங்கப்பட்டணத்தில், திப்பு சுல்தானின் நூலகத்தில்.

அந்த நூலகம் எப்படிச் சேர்ந்தது என்று சார்லஸ் ஸ்டூவர்ட் எழுதிவைத்திருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் கீழைமொழிகள் கற்பித்த அவர், திப்புவின் நூலகத்துக்கு ஒரு விளக்க அட்டவணை தயாரித்து 1809ல் கேம்பிரிட்ஜில் அச்சிட்டார். ஏறத்தாழ 2,000 பிரதிகள். அவற்றில் தந்தை ஹைதரோ மகன் திப்புவோ விலை கொடுத்து வாங்கியவை மிகக் குறைவு என்கிறார். சாவனூர், கடப்பா, கர்நாடகம் ஆகிய இடங்களிலிருந்து கொள்ளையாக வந்தவைதான் மிகுதி. சில ஒருகாலத்தில் பிஜப்பூர், கோல்கொண்டா சுல்தான்களிடம் இருந்தவை. பெரும்பகுதி ஆற்காட்டு நவாப் குடும்பத்தின் சொத்து. 1780ல் ஹைதர் சித்தூர்க் கோட்டையைப் பிடித்தபோது அவை அவர் கைக்கு வந்தன.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கர்நாடகம் என்று அன்றைக்குச் சொன்னது ஆற்காட்டுச் சீமையை. அந்தக் குடும்பத்து நவாப் அன்வருத்தீன் கான் 1749ல் ஆம்பூர்ச் சண்டையில் இறந்தவர், வாலாஜா முகமது அலியின் தந்தை. 1780 என்பது நம் வட மாவட்டங்களில் ஹைதர் கலவரம் என்று தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்ட வருஷம். பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை அழிந்தது அந்த செப்டம்பரில்தான். அந்தச் சண்டையை ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையின் சுவரில் பெரிதாகத் தீட்டி வைத்தார்கள், இன்றும் பார்க்கலாம். அதே படையெடுப்பில் வண்டி வண்டியாகப் பாரசீகப் புத்தகங்களும் மலையேறிப் போயின என்பதை எந்தச் சுவரிலும் யாரும் தீட்டவில்லை. ஆற்காட்டைப் பற்றி நமக்குச் சொல்லித்தந்தது கிளைவ், முற்றுகை, கடன் பத்திரம். அங்கே ஒரு பெரிய நூலகம் இருந்தது, அது தென்னிந்தியாவின் சிறந்த பாரசீகச் சேகரிப்புகளில் ஒன்றாக இருந்தது என்பதை ஸ்டூவர்ட்டின் சில வரிகளிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் புத்தகங்களை எரிக்கவில்லை, கொண்டுவந்து வைத்தார். மகன் படித்தார். திப்பு தன் கனவுகளைக்கூடத் தன் கையாலேயே பாரசீகத்தில் எழுதிவைத்த மனிதர். அந்தக் கனவுக் குறிப்பேடும் இப்போது அதே லண்டன் நூலகத்தில்தான் இருக்கிறது. கைக்கு வந்த பிரதிகளில் பலவற்றை அவர் மறுபடி பைண்டு செய்ய வைத்தார். அப்படிக் கட்டியவற்றின் அட்டையை ஸ்டூவர்ட் விவரிக்கிறார்: நடுவில் ஒரு வட்டத்துக்குள் அல்லாஹ், முகமது நபி, அவர் மகள் ஃபாத்திமா, பேரன்கள் ஹசன், ஹுசைன் ஆகியோரின் பெயர்கள். நான்கு மூலைகளில் முதல் நான்கு கலீஃபாக்கள். மேலே ‘சர்க்காரே குதாதாத்’, கடவுள் கொடுத்த அரசு. கீழே ‘அல்லாஹ் காஃபி’, இறைவன் போதும். கொள்ளையாக வந்ததைக் கண்ணியமாக உடுத்தி வைத்திருக்கிறார். புத்தகங்களைப் பெட்டிகளில், ஒவ்வொன்றையும் தனித்தனித் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். பெரும்பாலானவை நல்ல நிலையில் இருந்தன என்று பிடித்தவர்களே எழுதினார்கள்.

1799 மே 4 அன்று கோட்டை விழுந்தது. திப்பு வாசலில் இறந்து கிடந்தார். அரியணையைத் துண்டு துண்டாக உடைத்து பங்கு போட்டார்கள். நகை, பட்டு, வாள் எல்லாம் ஏலத்துக்கும் பைக்கும் போயின. நூலகம் கம்பெனிக்குப் போனது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி மறு வருஷம் கல்கத்தாவில் ஃபோர்ட் வில்லியம் கல்லூரியைத் தொடங்கியபோது, அதன் சட்டத்துக்கு வேண்டுமென்றே 1800 மே 4 என்று தேதி போட்டார். ஸ்ரீரங்கப்பட்டண வெற்றியின் ஆண்டு நிறைவு அது. திப்புவின் புத்தகங்கள் அந்தக் கல்லூரிக்கு உதவட்டும் என்று கல்கத்தாவுக்குப் போயின, தேர்ந்தெடுத்த பலவும் லண்டனுக்குக் கப்பலேறின.

லண்டனில் லெடன்ஹால் தெருவில் கம்பெனியின் தலைமையகம். அங்கே 1801ல் தொடங்கிய நூலகத்துக்கு முதல் பொறுப்பாளர், பகவத் கீதையை ஆங்கிலத்தில் பெயர்த்த சார்லஸ் வில்கின்ஸ். அதே கட்டடத்தில் 1808 முதல் திப்புவின் புலி பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. வெள்ளைக்காரச் சிப்பாய் மேல் பாய்ந்து நிற்கும் மரப்புலி, கைப்பிடியைச் சுற்றினால் உறுமும். கூட்டம் கூட்டமாக வந்து சுற்றினார்கள். அந்தச் சத்தம் நூலகத்தில் படிப்பவர்களுக்குத் தொந்தரவாக இருந்தது என்றுகூடப் புகார் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் லண்டன்காரர்களுக்குத் திப்பு என்றால் அந்தப் புலிதான். சமோசா பொரிக்கும் பெண்கள் அலமாரியில் மௌனமாக இருந்தார்கள்.

பிறகு நடந்தது இடமாற்றம் மட்டும். கம்பெனி போய் அரசாங்கம் வந்தது. லெடன்ஹால் தெருக் கட்டடம் இடிக்கப்பட்டது, நூலகம் ஒயிட்ஹாலில் இந்தியா ஆபீஸுக்குப் போனது. 1960களின் கடைசியில் தேம்ஸின் தென்கரையில் ஒரு அலுவலகக் கட்டடத்துக்கு. 1982ல் பிரிட்டிஷ் நூலகத்தோடு இணைந்தது. 1998ல் செயிண்ட் பாங்க்ரஸில் புதுக் கட்டடம்.

இடையில் 1903ல் ஹெர்மான் எத்தே என்ற ஜெர்மானிய அறிஞர் இந்தியா ஆபீஸ் நூலகத்தின் பாரசீகப் பிரதிகளுக்கு அட்டவணை வெளியிட்டார். நிமத்நாமாவுக்கும் அதில் ஓர் எண் கிடைத்தது. ஆனால் ஓவியம் பேசுகிறவர்கள் சமையல் புத்தகத்தைத் திறந்து பார்ப்பார்களா? இன்னும் அரை நூற்றாண்டு போனது. 1959ல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் ராபர்ட் ஸ்கெல்டன், பம்பாயிலிருந்து வரும் ‘மார்க்’ கலை இதழில் இந்தப் படங்களைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. இந்திய இஸ்லாமிய அரசவைகளில் புத்தக ஓவியம் என்றாலே முகலாயர் காலத்தில் தொடங்கியது என்ற எண்ணம் அதுவரை வலுவாக இருந்தது. பாபர் பானிப்பட்டுக்கு வருவதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே மாண்டுவில் இப்படி ஒரு கூட்டுக் கலை நடந்திருக்கிறது என்று காட்ட இந்த ஒரு புத்தகமே போதுமானதாக இருந்தது. 2005ல் நோரா டிட்லி முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். பாரசீக ஓவியப் பிரதிகளோடு வாழ்நாளைக் கழித்தவர் அவர். இன்று சமோசாவின் வரலாறு எழுதுகிற யாரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு தஞ்சாவூர் நினைவு வராமல் இருக்காது. சரஸ்வதி மகால் நூலகத்தில் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்று ஒரு சமையல் நூல் இருக்கிறது. மராட்டியில் எழுதப்பட்டது. சரபோஜி மன்னரின் அரண்மனைச் சமையல் அது. சரபோஜி பட்டத்துக்கு வந்தது 1798ல், திப்பு இறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு. ஸ்ரீரங்கப்பட்டணத்து நூலகம் பெட்டி கட்டப்பட்ட அதே காலத்தில் தஞ்சை மன்னர் தன் நூலகத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். அவர் தன் அரசையும் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்தான். ஆனால் புத்தகங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. இன்று தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிப் போய் அந்த நூலகத்தின் வாசலில் நிற்கலாம். மாண்டுவின் புத்தகத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகளை ஆகமப்படி தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டுத் துடித்ததை உ.வே.சா. எழுதியிருக்கிறார். அதனால், லண்டனில் பத்திரமாக இருக்கிறதே என்று சிலர் சொல்லும்போது அந்த வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ள மாட்டேன். ஆனால் இந்தப் புத்தகத்தைக் காப்பாற்றியது லண்டன் மட்டும் என்பது சரியில்லை. 1799ல் அதைப் பெட்டிக்குள் துணி சுற்றிய நிலையில் கண்டெடுத்தார்கள். அதற்கு முன் முந்நூறு வருஷம் இந்த நாட்டுப் பூச்சியிலும் மழையிலும் போரிலும் அதை இந்த நாட்டுக் கைகள்தான் காத்தன. அந்தக் கணக்கு யாராவது எடுக்க வேண்டும். லண்டனும் எல்லாவற்றிலிருந்தும் தப்பிய இடமில்லை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் மீது நடந்த தாக்குதலில், இணையத்தில் எல்லோரும் பார்க்க வைத்திருந்த சுவடிப் படங்கள் மாதக்கணக்கில் முடங்கிப்போயின. கபீகஜின் குடிகளில் இப்படியும் ஒரு வகை வந்திருக்கிறது.

புத்தகம் திரும்பி வர வேண்டும் என்று கேட்பது ஒரு வழி. அது அரசுகள் பேச வேண்டியது, நாளாகும். இன்னொன்றை நாமே செய்யலாம். நிமத்நாமா தமிழில் வர வேண்டும், அதுவும் ஆங்கிலம் வழியாக இல்லாமல் நேராகப் பாரசீகத்திலிருந்து. ‘தாளிப்பது’ என்ற சொல்லும் ‘பச்சைக் கற்பூரம்’ என்ற சொல்லும் ‘காசுக்கட்டி’ என்ற சொல்லும் காத்திருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1927 முதல் அரபு, பாரசீகம், உருதுத் துறை இருக்கிறது. ஆற்காட்டு நவாப் காலத்து மொழியைப் படித்தவர்கள் சென்னையிலும் வேலூரிலும் ஆம்பூரிலும் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டு அடுப்பிலும் அந்தச் சமையலின் வாசனை இருக்கிறது. ஒரு பாரசீக ஆசிரியரும் ஒரு நல்ல சமையல்காரரும் சேர்ந்து உட்கார்ந்தால் முதல் இருபது குறிப்புகளை ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். பதிப்பாளர்கள் யாராவது அவர்களைத் தேடிப் போக வேண்டும்.